ஹொல்ம்லியாவில் முழுநிலவு விரதம்

கதவு திறக்கும் முன்பே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், அரிசி இல்லாத நாட்களிலும் அம்மா எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போடுவாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டுமே. நாற்பது வருடம் கழித்து, ஒஸ்லோவின் தென்கிழக்கு ஓரத்தில், மூன்றாம் மாடிப் படிக்கட்டில் பெட்டியோடு நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

செவ்வாய், மாலை ஆறு மணி. மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஹொல்ம்லியாவுக்குப் பன்னிரண்டு நிமிடப் பயணம். பயணச்சீட்டு நாற்பத்து நான்கு குரோனர், நம் பணத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். வழியெல்லாம் வலப்பக்கம் கடல் கூடவே வந்தது. அக்டோபர் மேகத்துக்குக் கீழே ஈயத்தகடுபோல் அசையாத கடல். என்னைக் கவிதை வாசிக்க அழைத்திருந்த நண்பர்கள், தங்குவதற்கு வதனியின் வீட்டைச் சொல்லியிருந்தார்கள். கோடையிலேயே "என்ரை வீட்டிலை நிக்கட்டும்" என்று முந்திக்கொண்டு கேட்டவள் அவள்தானாம்.

வதனி யாழ்ப்பாணத்துப் பெண். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. பதினேழு வயது மகள் அபி. கணவர் பிரிந்து வேறு ஊரில்.

"வாங்கோ அக்கா, கையைக் கழுவிப்போட்டு இருங்கோ."

குழல்பிட்டு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். எனக்கும் அபிக்கும் இரண்டு தட்டுகள்.

"நீங்க உட்காரலையா?"

"எனக்குச் செவ்வாய்க்கிழமை விரதம்."

புதன்கிழமை நாளெல்லாம் நடந்தேன். கடலிலிருந்து சரிந்து ஏறும் ஓபரா மாளிகையின் வெண்கூரைமேல் மனிதர்கள் பறவைகள்போல உலவுகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தின் தலையில் கால்வைக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பல்பொருள் அங்காடியில் ஒரு காலிஃபிளவர் நாற்பத்தைந்து குரோனர். வாய்பிளந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அன்று மாலை அந்தக் காலிஃபிளவரே பால்கறியாகி என் தட்டுக்கு வந்தது. வதனிக்கு அன்று பிரதோஷம்.

வியாழன் மாலை, கவிதை வாசிப்பு முடிந்து ஹொல்ம்லியா நிலையத்தில் இறங்கியபோது மேகம் கலைந்திருந்தது. ஊசியிலைக் காட்டுக்குப் பின்னாலிருந்து நிலவு எழுந்துகொண்டிருந்தது. எழுந்தது என்று சொல்வது போதாது. யாரோ இரண்டு கையாலும் தாங்கித் தூக்குவதுபோல, குறையேயில்லாத பூரண நிலவு. அடுக்குமாடிகளின் சன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சம் குடித்தன. நாய்க்குட்டியோடு வந்த கிழவர்கூட என்னோடு நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

மேலே போனேன். அன்றும் பிட்டு, தட்டுகள் இரண்டு.

"எனக்கு இண்டைக்குச் சதுர்த்தி, அக்கா."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நிறைந்த நிலவு நாளில் சதுர்த்தி எப்படி வரும்? அதற்கு இன்னும் நான்கு நாள் ஆகவேண்டும். எழுந்துபோய் பால்கனிக் கதவைத் திறந்தேன். வதனி பின்னாலேயே வந்து அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, பொய் சொல்றதுக்கும் வானத்தை ஒருக்காப் பாக்கவேணும்," என்றாள் உள்ளேயிருந்து அபி.

"ஒரு கிழமையா மேகமடி. பௌர்ணமி விரதம் எண்டே சொல்லியிருக்கலாம், சீ!" வதனி சிரித்தாள். சிரித்தபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் சொன்னாள். அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. ஆள் குறைகிற நாளில் கூப்பிடுவார்கள். கோடைக்குப் பிறகு கூப்பிடுவது குறைந்துவிட்டது. இருவர் சம்பளத்துக்கு எடுத்த வீடு இப்போது ஒருத்தியின் தலையில்.

"வாடகையைக் குறைக்கேலாது. கரண்டைக் குறைச்சா குளிரிலை விறைச்சுப்போவம். சாப்பாடு ஒண்டுதான் அக்கா நாங்கள் சொன்னபடி சுருங்கும்."

"அப்புறம் என்னை ஏம்மா கூப்பிட்டீங்க?"

"சொல்லிப்போட்டன். சொன்ன பிறகு வராதேங்கோ எண்டு எப்பிடிச் சொல்றது?"

நகரில் வெள்ளிதோறும் இலவசமாக உணவு கொடுக்கும் இடம் இருப்பதாக நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் நிலவையே பார்த்தாள். "போன வருசம் முழுக்க அங்கை குடுக்கிற பக்கம் நிண்டனான்."

அன்று பிட்டை மூன்றாகப் பிரித்தேன். "நாளைக்கு நானும் வரிசையில வர்றேன்" என்றேன். வதனி இரண்டையும் மறுக்கவில்லை.

வெள்ளி, காலை ஒன்பதரை. புல்லெல்லாம் உறைபனி பூத்திருந்தது. நகரின் கிழக்கே ஒரு பழைய மண்டபம். வரிசை அதைச் சுற்றித் திரும்பி, தெருவைக் கடந்து நீண்டது. இத்தனை பேரை, இத்தனை அமைதியாக, நான் எந்தக் கோயில் வாசலிலும் பார்த்ததில்லை. முன்னால் குழந்தைவண்டியோடு ஒரு தாய், பின்னால் அலுவலகப் பையோடு ஒருவர். ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி. எல்லார் வாயிலிருந்தும் ஒரே வெண்புகை. உலகின் செல்வமான தேசங்களில் ஒன்று, பசியையும் இப்படி ஒழுங்காக நிறுத்தி வைத்திருக்கிறதே என்று மலைத்துப்போய் நின்றேன். பக்கத்தில் வதனி கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

வாசலில் ஏப்ரன் கட்டிய பெரிய உருவம் ஒன்று, கையில் ரொட்டிப்பெட்டியோடு எட்டிப் பார்த்தது. வதனியோடு முன்பு இங்கே வேலை செய்த ராணி அக்கா.

"எடியே வதனி! இப்பதான் வாறியோ? உதிலை ஏன் நிக்கிறாய், இஞ்சாலை வந்து ஏப்ரனைப் போடு!"

வரிசையே திரும்பியது. ஒரு எட்டு வைத்தால் போதும், மானம் தப்பிவிடும். பிற்பகல்வரை ரொட்டி கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். வதனியின் வலது கால் பாதி எட்டு முன்னே போய் நின்றது.

கழுத்துத்துணியை இறக்கினாள். "இல்லை ராணி அக்கா. இண்டைக்கு நான் இந்தப் பக்கம்."

ராணி அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். மூச்சு ஒன்று வெண்புகையாய்ப் போனது. பிறகு, முன்பைவிட உரத்து: "அப்ப வரிசையிலை வா. உதென்னடி, சாமிக்குப் பூ வாங்கிற பையைக் கொண்டுவந்திருக்கிறாய்! குடுத்துப் பழகினவளுக்கு வாங்கத் தெரியேல்லை!"

வதனி சிரித்தாள். கண் நிறைந்து சிரித்தாள். எங்கள் முறை வர நாற்பது நிமிடம் ஆனது. உருளைக்கிழங்கு, ரொட்டி, பால், உறைய வைத்த மீன். பை கொள்ளாததை என் சால்வையில் முடிந்துகொண்டோம்.

மாலை நான்கு மணிக்கு நான் திரும்பிச் செல்லும் ரயில் ஹொல்ம்லியா நிலையத்தில் வந்து நின்றது. எத்தனையோ ஊர்களில் மலைகளையும் கடல்களையும் பார்த்து வியந்திருக்கிறேன். இந்த முறை வியப்பு என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவாக, பழைய குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, என் பெட்டியைப் படியேற்றிக்கொண்டிருந்தது. கதவு மூடுமுன் கேட்டேன்:

"அடுத்த வெள்ளி போவீங்களா வதனி?"

"ஓம் அக்கா. முதல் வாங்குவன், பிறகு ஏப்ரனைப் போடுவன்."