வட்டப் பேருந்தில் ஒரு வழித்துணை

வட்டப் பேருந்து ஓட்டுகிற மனிதருக்கு வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? பணிமனையில் கிளம்பி, சந்தை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிற வேலை. செக்குமாடு என்று ஓட்டுநர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். அப்படிப்பட்டவரைக் கட்டிய மனைவியே ஒருநாள் வாயடைத்துப்போக வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவர் வைத்ததுதான். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் பல வருஷம் இருந்தவள். வாயைத் திறந்து பேச முடியாத நோயாளிகளுக்கும் சேர்த்துத் தானே பேசிப் பழகிவிட்டாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், நாற்பது தாண்டிய வயதில், பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்தாள்.

"இந்த வயசுல கணக்கு எதுக்கு?" என்றார் இவர்.

"இந்த வயசுக்குள்ள எவ்வளவு தப்புக்கணக்கு போட்டாச்சு. சரி பண்ண வேணாமா?"

இப்போது மூன்றாவது வருஷம். இந்த வருஷம் 'வழித்துணை' என்று ஒரு பொறுப்பு வேறு. புதிதாகச் சேரும் மாணவர்கள் சிலரை, மேல் வகுப்பில் படிக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் ஊன்றிக்கொள்ளும் வரை கூட இருக்க வேண்டும். கழுத்தில் ஒரு பச்சை அட்டை, அதைத் தவிரக் கைக்கு எதுவும் வராது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதல் நாள் அவளை 'ஆன்ட்டி' என்றார்கள். "நானும் உங்களை மாதிரி பரீட்சையில முழிக்கிறவதான், அக்கான்னு கூப்பிடுங்க" என்று சொல்லி முதல் வாரத்திலேயே திருத்திவிட்டாள்.

"சம்பளமில்லாத வேலைக்கு இப்படி விழுந்தடிச்சு ஓடறியே" என்று ஒருநாள் காலை அவர் சீண்டினார்.

"இந்த வீட்டு வேலைக்கு மட்டும் யாராவது சம்பளம் கொடுக்கறாங்களா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நூலகம் அந்தப் பக்கம், கழிப்பறை இந்தப் பக்கம் என்று கையைக் காட்டுகிற வேலை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். "நம்ம வண்டியில ஒரு பொண்ணு ஏறுது. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறி, கடைசி சீட்டுல உட்காருது. பல்கலைக்கழக வாசல் வரும்போது எழுந்திருக்கும். கதவு திறந்ததும் மறுபடி உட்கார்ந்துடும். இறங்கறதே இல்லை. மத்தியானம் வரைக்கும் என்கூடவே ஊரைச் சுத்துது. எனக்காவது சம்பளம் தர்றாங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். ரேடியோ நின்றுபோயிருந்தது.

"பை என்ன நிறம்?"

"வயலெட்."

"அப்ப தினமும் 'கிளாஸ்ல இருக்கேன் அக்கா'ன்னு எனக்கு அனுப்பினது…" பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணா அது? உன்கிட்ட ஒப்படைச்சதா?"

"அதைச் சொல்லக்கூடாது. காதுல விழுந்ததை மறந்துடுங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தாள். "புதுசா சேர்ந்தவங்க இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வகுப்புல தலையைக் காட்டலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான். அப்படிப் போன பிள்ளைங்க திரும்பி வந்ததா நான் பார்த்ததில்லை. நீங்க அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, புரியுதா? ஒரு வார்த்தைகூட."

அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வாசல் நெருங்கியதும், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தொங்கிய ஒலிவாங்கியை எடுத்தார். சுரங்கப் பாதை அடைப்பு, வண்டி தாமதம் என்று அறிவிக்கத்தான் அது. "பல்கலைக்கழகம் வந்தாச்சு. மாணவர்கள் தயங்காம இறங்கலாம். நல்லாப் படிங்க" என்றார் கண்ணாடியில் கடைசி இருக்கையைப் பார்த்துக்கொண்டே. வண்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில், தனக்கு எந்த வேலையும் இல்லாத ஒரு மதில் சுவரோரம், பாய்ந்து இறங்கி ஓடினாள்.

புதன்கிழமை அவள் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டார். "நான் கேக்கலையே. அறிவிப்புதானே செஞ்சேன்."

"நூறு பேர் முன்னாடி அறிவிச்சீங்க. அவ பயந்ததே அந்த நூறு பேருக்குத்தான்."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். சாப்பிடாமல் எழுந்து போய், எதிர்த்திசையில் அதே வட்டத்தைச் சுற்றுகிற நண்பருக்குப் போன் போட்டார். மழை வரும் வராது என்று எப்போதும் தப்பாகச் சொல்வதால் அந்த நண்பருக்கு ஜோசியர் என்று பெயர்.

"வயலெட் பையா? இன்னிக்குப் பூரா என் வண்டியிலதான் மாப்ள" என்றார் ஜோசியர். "ரெண்டு சுத்துல எனக்கே தலை சுத்துது, அந்தப் பொண்ணு அசையவே இல்லை. என்ன விஷயம்?"

"அப்புறம் சொல்றேன். நாளைக்கு உன் வண்டியை நான் எடுத்துக்கறேன், என் வண்டியை நீ எடுத்துக்கோ."

"எடுத்துக்கோ. நாளைக்கு மழை வேற வரும்."

போனை வைத்ததும், அந்தப் பெண் இப்போது எந்த வண்டியில் ஏறுகிறாள் என்று மனைவியிடம் சொன்னார்.

வியாழக்கிழமை வெயில் கொளுத்தியது. அவர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, ஜோசியரின் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, திருடனைப் போல ஓட்டினார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வயலெட் பை பின்கதவு வழியாக ஏறியது. அதற்குப் பின்னால் பச்சை அட்டை ஏறியது.

இப்போது பேசுவாள் என்று கண்ணாடியில் பார்த்தார். பேசி இறக்கிவிடுவாள், அவள் பேச்சுக்குக் கல்லும் எழுந்து நடக்கும் என்று நம்பினார். அவளோ பெண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பல்கலைக்கழக வாசல் வந்தது. கதவு திறந்தது, மூடியது. பெண் இறங்கவில்லை. அவர் மனைவியும் இறங்கவில்லை. சந்தை வந்தது, கூட்டம் ஏறியது, இறங்கியது. ரேடியோ வாய் திறக்கவில்லை. காய்ச்சலில் படுத்தபோதுகூட மின்விசிறியோடு பேசியவள்! ஒரு முழுச் சுற்று, ஒரு சொல் இல்லாமல், ஏதோ அங்கே உட்காரத்தான் பிறந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு மௌனத்தை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்?

நீதிமன்றத்துக்கு முன்னால் வண்டி கொஞ்சம் நின்றுதான் கிளம்பும். சீக்கிரம் வந்துவிட்டால் அங்கே நேரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். எஞ்சினை அணைத்தார். இருந்த சிலரும் டீ குடிக்க இறங்கிப்போனார்கள். வண்டிக்குள் அந்தப் பெண்ணின் குரல் முதல்முறையாகக் கேட்டது.

"திட்டிடுங்க அக்கா."

"எதுக்கு?"

"பொய் சொன்னதுக்கு."

"அப்படின்னா என்னையும் சேர்த்துத் திட்டணும். முதல் வருஷம், முதல் நாள், கொஞ்சம் லேட்டாப் போய்க் கதவைத் திறந்தேன். வகுப்பே எழுந்து நின்னுடுச்சு. 'குட் மார்னிங் மேடம்'னு ஒரே சத்தம். பாடம் நடத்த வந்திருக்கேன்னு நினைச்சுட்டாங்க."

பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் குட் மார்னிங் சொல்லிட்டுக் கதவை மூடிட்டு ஓடிட்டேன். கேன்டீனுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவற இடத்துல ஒரு படி இருக்கு. மூணு வாரம் அந்தப் படியிலதான் உட்கார்ந்திருந்தேன்."

"வீட்டுல?"

"வீட்டுக்காரர் தினமும் ஸ்கூட்டர்ல வாசல்ல இறக்கிவிட்டுக் கையாட்டிட்டுப் போவார். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முன்னே இருந்த சாலையை வெறித்தார். அந்த மூன்று வாரமும் அவருக்கு ஞாபகம் இருந்தது. தினமும் ராத்திரி அவள் வகுப்பில் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டுவாள். பேராசிரியர் மூக்கை உறிஞ்சுவதுகூட. அத்தனையும் ஒரு படியில் உட்கார்ந்து கட்டிய கதை.

பெண் சொன்னாள்: "நான் தப்பான ஹாலுக்குள்ள போயிட்டேன். சார் பாடத்தை நிறுத்திட்டு, 'வழி தெரியாதவங்க எல்லாம் இங்க ஏன் வர்றீங்க'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அதுல இருந்து கதவுல கை வச்சாலே…" முடிக்கவில்லை. பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எப்பக்கா பயம் போச்சு?"

"போச்சுன்னு யார் சொன்னா? இன்னிக்கு மத்தியானம் எனக்கு செமினார். எழுந்து நின்னு பேசணும். பாரு, கையை."

கண்ணாடியில் அவரும் பார்த்தார். நீட்டிய கை நிஜமாகவே நடுங்கியது.

பயணிகள் திரும்பி ஏறினார்கள். எஞ்சினைக் கிளப்பியதால் அதற்கப்புறம் பேசியது எதுவும் கேட்கவில்லை. ஒருவேளை எதுவும் பேசவில்லையோ என்னவோ. பல்கலைக்கழக வாசல் வந்தது. கதவைத் திறந்தார். மனைவி எழுந்தாள். பெண் உட்கார்ந்தே இருந்தாள். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அப்போது அந்தப் பெண் எழுந்து, "அக்கா, அந்தக் கதவு வரைக்கும் நான் உங்ககூட வரட்டுமா?" என்றாள். வண்டி முழுக்கக் கேட்டது.

"வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் கீழே நின்றவள்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் இருவரும் வாசலைத் தாண்டிப் போவது தெரிந்தது. யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பின்னாலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

"டிரைவர் சார்! வண்டி போகுமா, நாங்களும் இறங்கி நடக்கணுமா?" என்று யாரோ கத்தினார்கள். போனார்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "என்ன ஆச்சு?"

"கேவலமாப் போச்சு. திரையில முதல் படமே தலைகீழா வந்துச்சு."

"அதில்ல. அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். "செமினார்ல கடைசி வரிசையில யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தா. கதவு வரைக்கும்னு வந்தவ, நான் உள்ளே போகாம நின்னதைப் பார்த்து அவளே கதவைத் திறந்துட்டா. பாவம், ஒரு எழவும் புரிஞ்சிருக்காது. கடைசி வரைக்கும் கண்ணெடுக்காம இருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் அவளுக்குப் பக்கத்துக் கட்டடத்துல கிளாஸ். இப்ப நான் கதவு வரைக்கும் போனேன்."

"உள்ளே போனாளா?"

"திறந்தா. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க." செருப்பை ஓரமாக வைத்தாள். "போனா. கையெழுத்துப் போட்டுட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினா. இந்தத் தடவை போட்டோவோட."

அவர் மூச்சை விட்டார். டீ போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு, "அந்தப் படி எங்க இருக்கு?" என்றார்.

"எந்தப் படி?"

"கேன்டீனுக்குப் பின்னாடி. எஞ்சினை நிறுத்திட்டா எல்லாம் கேக்கும்."

அவள் டம்ளரைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் பொய் சொல்ல விரும்பவில்லை. "கையைப் பிடிச்சு வகுப்புக்குள்ளயே கூட்டிட்டுப் போயிருப்பேன். அந்த வாத்தியார்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லலை."

அவர் யோசித்துப் பார்த்தார். அந்த மூன்று வாரம் முடிந்த மறுநாள் யாரும் கூட வராமல், தானாக எழுந்து அந்தக் கதவுக்குப் போயிருக்கிறாள். தான் அன்றும் வாசலில் கையாட்டிவிட்டுத்தான் வந்திருப்போம். எத்தனை முயன்றாலும் அது எந்த நாள் என்று அவரால் பிரித்து எடுக்க முடியவில்லை.

"என்ன, புது ஆளைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றாள்.

"புது ஆள்தானே" என்றார்.