டிவி அக்காவும் மோட்டார் ரூம் பாம்பும்

இன்று காலை மேடவாக்கத்தில், எங்கள் காலனி மோட்டார் ரூமுக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்துவிட்டது.

சங்கச் செயலாளர் உருட்டுக்கட்டையோடு நின்றார். யாரோ ஓடிப்போய்ப் பக்கத்துத் தெரு வசந்தி அக்காவைக் கூட்டிவந்தார்கள். டிவியில் குழந்தைகளுக்கு விலங்கு நிகழ்ச்சி நடத்தியவர். கேபிள் வந்ததும் அது நின்றுபோனது. இப்போது புடவைக்கடைத் திறப்பு விழாக்களில் மைக் பிடிக்கிறார்.

“புடிங்க மேடம்!”

“நானா? நான் பேசத்தான் செய்வேன் சார். பாம்பைத் தொட்டதே இல்ல.”

“அப்போ தள்ளுங்க” என்று செயலாளர் கட்டையை ஓங்கினார்.

அக்கா குறுக்கே போய் நின்றார். “குழந்தைங்களா, சாரைக்கு விஷமே கிடையாது, தெரியுமா?”

மிருகம் அசையும்வரை கேமரா முன்னால் விடாமல் பேசுவதுதான் டிவியில் அவர் செய்த வேலை; இங்கேயும் அதையே செய்தார். பென்ஷன் வாங்கும் மாமாக்கள்கூடக் கைகட்டிக் கேட்டார்கள். அதற்குள் பாம்பு பின்சுவர் ஓட்டை வழியாகப் போய்விட்டது.

“இதெல்லாம் எங்கேர்ந்து மேடம் வருது?” என்றார் செயலாளர்.

“ஏரியிலேர்ந்து சார்.”

“இங்க ஏது ஏரி?”

“அது மேலதான் நிக்கிறீங்க.”

எங்கள் எல்லோருக்கும் இந்த மனைகளை விற்றவரே செயலாளர்தான். கட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

உங்கள் காலனி எந்த ஏரியின் மேல் இருக்கிறது? எழுதுங்கள், ஒரு மேப்பே போட்டுவிடலாம்.