வீட்டுக்கு ஒரு நடை, கோர்ட்டுக்கு ஒரு நடை

ஓசூரில் கேன்டீன் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்து, பிடிக்காமல் சொல்லாமலே கிளம்பியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. இதிலெல்லாம் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெட்கம் என்றால் அது ஸ்கூல் யூனிஃபார்மில் அப்பாவோடு கோர்ட்டுக்குப் போன அந்த ஒரு நாள்தான்.

அப்பா கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்து மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை, பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஒரு வேன் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டு வந்தாராம். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. அப்பாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு அப்பா வீட்டில் நேராகத்தான் நடந்தார். கொஞ்சம் மெதுவாக, ஆனால் நேராக. காலையில் நான் பையை மாட்டும்போது வாசல்வரை வந்து நிற்பார். "கேஸு முடியட்டும், மறுநாளே மண்டிக்கு போய்டுவேன்" என்பார். நான் நம்பினேன். அப்பா காலை உடைத்துக்கொண்டு, பிறகு சரியாகிவிட்ட ஆள் என்றுதான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

நஷ்ட ஈட்டு வழக்கை நடத்தியது சித்தப்பா. வக்கீல் வேறு ஒருவர் என்றாலும், சித்தப்பாவுக்குக் கோர்ட் வாசலில் டீக்கடை. வக்கீல்களுக்கு டீ ஊற்றி ஊற்றிப் பாதிச் சட்டம் படித்திருந்தார். மீதிப் பாதியைத் தானே எழுதிக்கொள்வார்.

ஊனம் எவ்வளவு என்று சர்டிபிகேட் வாங்க அப்பா போன அன்றைக்கு, சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து கத்தினார்.

"டாக்டரு நடக்க சொன்னா நொண்டி நடப்பியா, மிலிட்டரிக்காரன் மாதிரி நடப்பியா? ஊனம் கம்மினு எழுதிட்டாருண்ணா!"

"நடன்னாரு. நடந்தேன்."

"நீ இன்னா ரேஸுக்கா போன? இன்சூரன்ஸ்காரன் இத வச்சே நம்மள அடிப்பான். கோர்ட்லயாவது ஒழுங்கா நொண்டு."

மண்டியில் காலை இழுப்பவனுக்கு மூட்டை கிடையாது. மேஸ்திரி பார்க்கிறார் என்றால் சுளுக்கு, முள், கொப்புளம் எதையும் முகத்தில் காட்டாமல் நடக்கிற ஆட்கள் அவர்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நன்றாக நடக்கிற அப்பாவைச் சித்தப்பா நொண்டச் சொல்கிறார்.

சாட்சி சொல்கிற நாளைக்கு என்னையும் கூட்டிவரச் சொன்னார் சித்தப்பா. "யூனிஃபார்ம் போட்டு இட்டுகினு வா. படிக்கிற பொண்ணு இருக்குதுன்னா ஜட்ஜு அம்மா யோசிப்பாங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கி கோர்ட் வாசல்வரை அப்பா நேராக வந்தார். உள்ளே காலெடுத்து வைத்ததும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இடது காலைத் தரையில் இழுத்து, இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்தார். நான் இரண்டடி தள்ளிப் போய்விட்டேன்.

வேன் டிரைவரும் வந்திருந்தார். சண்டை வரும் என்று பயந்தேன். அவரோ ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் எப்டி இருக்குதுண்ணா? ஜாஸ்தி வலிக்குதா?"

"அது கிடக்குது. உனக்கு லைசென்ஸு திருப்பி குடுத்துட்டாங்களா?"

"நாய் மாதிரி அலையறேண்ணா."

இரண்டு பேரும் சித்தப்பா கடையில் டீ குடித்தார்கள். இடித்தவரும் இடிபட்டவரும் ஒரே பெஞ்சில். ஆக எல்லாமே நாடகம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

உள்ளே இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சத்தம் போடாமல் கேட்டார்.

"டாக்டர் முன்னாடி நேரா நடந்தீங்க. இங்க நொண்டுறீங்க. பணத்துக்காக நடிக்கிறீங்கனு சொல்றேன். சரியா?"

"சரியில்லீங்க ஐயா."

"அப்போ டாக்டர் எழுதினது பொய்யா?"

"பொய் இல்லீங்க. அவரு நடக்க சொன்னாரு, நடந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மா நிமிர்ந்து பார்த்து, கதவுவரை போய்த் திரும்பி வரச் சொன்னார். அப்பா கூண்டிலிருந்து இறங்கினார். அந்தச் சின்ன அறையில் அத்தனை கண்ணும் அவர் காலில் இருந்தது. சாய்ந்து, இழுத்து, மேஜை விளிம்பைப் பிடித்து, கதவருகில் நின்ற என்னை நோக்கி வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நான் வெளியே ஓடிவிட்டேன்.

"இன்னா பாப்பா, அப்பா எப்டி நடந்தாரு?" என்றார் சித்தப்பா, டீ ஆற்றிக்கொண்டே.

"நல்லா நடிச்சாரு."

சொல்லித் திரும்பினால் அப்பா பின்னால் நிற்கிறார். சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "மார்க்கு எத்தினி போடுவ?" என்று கேட்டார்.

நஷ்ட ஈடு பிறகு வந்தது. கேட்டதில் பாதிகூட இல்லை. அப்பா மண்டிக்குத் திரும்பப் போகவே இல்லை. நான் படிப்பை விட்டு ஊர் ஊராகப் போனேன். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ ஸ்கூலுக்கு போற வரிக்கும்தான் அந்த நேர் நடை. நீ தெருமுனை திரும்புனதும் செவுத்த புடிச்சிக்குவாரு. புள்ளைங்க பயந்துடும்னு என்னையும் வாய தொறக்க வுடல."

கோர்ட்டில் மட்டும்தான் அவர் உள்ளபடி நடந்திருக்கிறார். அதுவும் சித்தப்பா திட்டியதால்.

அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ் எங்களைக் காஞ்சி ரோட்டில், கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு நடக்க வேண்டும். ஆட்டோ ஒன்று நின்று கேட்டது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். கோர்ட்டில் அப்படி நொண்டியவர் இப்போது நேராக வருகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். பார், எவ்வளவு நன்றாக நடக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கூட்டினேன்.

கொஞ்ச தூரத்தில், "பாப்பா, நில்லு. மலைய பாரு, மேகம் எப்டி எறங்குது" என்றார். நின்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மறுபடி நடந்தேன். மறுபடி, "இங்கேர்ந்து பாரு, வேற மாதிரி தெரியுது" என்றார். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்க்க, மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு போய்ச் சேருவதற்குள் இப்படி எத்தனையோ தடவை.

பிறந்ததிலிருந்து அந்த மலையடியிலேயே இருக்கிற மனிதருக்கு, அன்றைக்கு மட்டும் அதன்மேல் ஏன் அத்தனை பக்தி வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.