உப்புத் தண்ணீர்க் கை

செய்தி வந்தபோது போன் என் கையில் இல்லை. அதனால்தான் வந்தது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திரையில் அன்வர் பாயின் மனைவி நசீமா அக்காவின் பெயர். அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. "விஜி, அவரு போயிட்டாரு மா. ஊருக்குக் கொண்டாந்துனு இருக்காங்க. மத்தியானத் தொழுகைக்கு அப்பால எடுத்துருவாங்க, நீ வந்துடு" என்றார். அவர் குரல் உடையவில்லை. நான்தான் கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அன்வர் பாயைப் பற்றி நம் கம்பெனி ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்ததாகவும் நான் எடுக்கவில்லை என்றும் கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள். என் காதுக்கும் வந்தது. உண்மைதான். மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம்மை அறியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி போன் செய்வதில்லை. போனின் முதுகு மூடியையும், அதன் உள்பக்கம் ஒட்டும் ஆன்டெனாவையும் செய்து கொடுக்கிறது. இந்த ஆன்டெனா பழைய ரேடியோவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி மாதிரி இருக்காது. மிட்டாய்த் தாள் போல மெல்லிய செம்புத் தகடு, விரல் நீளம்தான். அன்வர் பாய் டெஸ்டிங்கில் இருந்தார், நான் குவாலிட்டியில். அவர் அளந்து எழுதுவார், நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பதினோரு வருடம் ஒரே அறை, ஒரே மின்விசிறி.

அவர் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் பிடிப்பார். நான் கவரைப்பேட்டையில் ஏறுவேன். அந்தக் கொஞ்ச நேரப் பயணத்தில் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் போன் பிடித்திருக்கும் கைகளைப் பார்ப்பார். மீன் கூடைக்காரம்மா ஈரக் கையால் எப்படிப் பிடிக்கிறார், உருக்காலைக்குப் போகும் வடநாட்டுப் பையன்கள் ஊருக்குப் பேசும்போது எப்படிக் காதோடு அழுத்திக்கொள்கிறார்கள் என்று எல்லாம் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். "ஏன் பாய், அடி வாங்கப் போறீங்க, பொம்பளைங்க கையையே பாத்துனு" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சிக்னல் இல்லன்னா எல்லாரும் டவரத்தான் திட்றாங்க. டவர் எங்கியோ கீது. கை இங்க கீது. மொதல்ல கையப் பாரு" என்றார்.

அந்தக் கைதான் எங்கள் இருவருக்கும் நடுவில் பெரிய வழக்கு. ஸ்பெக் என்கிற விதித் தாளில் உள்ளபடி, எங்கள் டெஸ்ட் பெட்டிக்குள் போனை ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது வழக்கம். மனிதக் கை மாதிரியே செய்த செயற்கைக் கை ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கித் தரச் சொல்லி பாய் எத்தனை தடவை எழுதிப் போட்டாரோ தெரியாது. வரவில்லை. ஒருநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தார். பையிலிருந்து நீல மூடி போட்ட பாட்டிலை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் கையுறைக்குள் ஊற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். குண்டுக் குழந்தையின் கை போல அது மேசையில் கிடந்தது.

"இன்னா தண்ணி இது?"

"எங்க ஏரித் தண்ணி. ஒடம்புன்றது இன்னா, உப்புத் தண்ணிப் பைதான? கடல் தண்ணி ஊத்துனா உப்பு ஜாஸ்தி, போர் தண்ணி ஊத்துனா பத்தாது. எங்க பழவேற்காட்டுத் தண்ணி நடுவுல கீது. ஒன்னிய மாதிரி, என்னிய மாதிரி."

மழைக்காலத்தில் ஏரியில் நல்ல தண்ணீர் கலந்து உப்பு குறைந்துவிடும். அப்போதெல்லாம் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, கேன்டீன் உப்பைக் கிள்ளிப் போடுவார். "சீ, கருமம்" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விளையாட்டு என்றுதான் நினைத்தோம். அவர் மட்டும் ஒவ்வொரு புது மாடலுக்கும் அந்தக் கையைப் போட்டு அளந்து, யாரும் கேட்காத இன்னொரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் ஒரு மாடல் வந்தது. போனை மெலிதாக்க வேண்டும் என்று ஆன்டெனாவைக் கீழே, இடது மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஸ்டாண்டில் நின்றபோது அருமையாகப் பாஸ் ஆனது. பாய் உப்புத் தண்ணீர்க் கையை அந்த மூலையில் சாய்த்தார். கம்ப்யூட்டரில் சிக்னலைக் காட்டும் கோடு அப்படியே படுத்துவிட்டது. மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தார், மூன்று தடவையும் படுத்தது. நான் தாளோடு மேனேஜரிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஸ்பெக்ல கை எங்க மேடம் இருக்கு? லாரி நிக்குது" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இதில் என்னை நியாயப்படுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. பயந்தவள் நான். கேஸ் மூடியிருக்கிறதா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். லாரி நிற்கிறது என்றால் எனக்குக் கை தானாக ஓடும். திரும்பி வந்தபோது பாய் கையுறையின் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரைத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். "நீ போட்டது தப்பில்ல விஜி. பேப்பர்ல கை இல்லதான். ஆனா வாங்குறவன் ஸ்டாண்டு இல்லியே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

வீம்புக்கு அந்த மாடலையே கடையில் வாங்கினேன். நான் பாஸ் போட்டதை நானே வாங்கவில்லை என்றால் எப்படி? முதல் நாள் அதை மேசையில் பார்த்ததும் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா விஜி, ஒங் கையெழுத்த நீயே தூக்கினு திரியிற!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒங்க ஊட்டாண்ட சிக்னல் கம்மி. நீ வேற பேஜாரு புடிச்ச ஆளு. பேஜாரானா இறுக்கிப் புடிப்ப. நீ இறுக்குனா அது மூச்சடைச்சு டவரத் தேடும், சூடாவும். சூடாச்சின்னா கீழ வச்சிரு. அதுவா தேடிக்கும்." சரி சரி என்று தலையாட்டினேன். நான்கு வருடம் அந்தப் போன் என்னிடம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, அல்லது ஒழுங்காக வேலை செய்வதாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று சென்னையில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நர்ஸ் போனை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று எனக்குக் காட்டினார். "உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிட்டுப் போங்க பாய். இல்லன்னா எனக்கு உசுரே நிக்காது" என்றேன். "நான் பண்றன். நீ எடு" என்றார்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊருக்கும் டவருக்கும் நடுவில் ஒரு பெரிய தகரக் கொட்டகை நிற்கிறது. நல்ல நாளிலேயே சிக்னல் இரண்டு கோடுதான். வாசற்படியில் உட்கார்ந்து போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மடியில் அழுத்திக்கொண்டேன். சாமி, சாமி என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது கையை விரித்துப் பார்ப்பேன். ஒரு கோடு இருக்கும். அப்பாடா என்று மறுபடி மூடிக்கொள்வேன். மூடினால் அந்த ஒரு கோடும் போய்விடும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருடம் ஆன்டெனாவோடு குடித்தனம் நடத்தியவள் நான். போன் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் நெல் மூட்டையைத் தூக்கிவிடக் கூப்பிட்டார். போகமாட்டேன் என்றேன். "ரெண்டு நிமிசம் வாம்மா, தனியாளா எப்டித் தூக்குறது" என்றார். போனைப் படியில் வைத்துவிட்டுப் போய் மூட்டைக்குக் கை கொடுத்தேன். நாங்கள் அதை இறக்கி வைப்பதற்குள் வாசலில் டிங், டிங், டிங் என்று மூன்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிச் செய்தி: உங்களை இந்த எண்ணிலிருந்து அழைத்தார்கள். திருப்பிக் கூப்பிட்டேன். நசீமா அக்கா எடுத்தார். "இப்பத்தான் உள்ள கூட்டினு போனாங்க மா. ஒனக்குத்தான் போட்டுனே இருந்தாரு" என்றார்.

அவர் வெளியே வரவில்லை. விடிவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

பழவேற்காட்டில் அன்று பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நசீமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது தடவையும் நான் எடுக்காதபோது அவர் முகம் எப்படி இருந்தது? என்ன நினைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனார்? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் எந்த வாயால் இதைக் கேட்பது? கேட்காமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. சொன்ன சொல்லை நம்பிக் கூப்பிட்ட மனுஷனை நான் கைவிட்டேன், அதுவும் நானே கையெழுத்துப் போட்ட போனால்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் மறுபடி போனேன். கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்கும் இத்தாவில் அக்கா இருந்ததால் வெளியே வரவில்லை. உள்ளறையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் கேட்டே விட்டேன். அழுகையில் பாதி புரிந்திருக்காது. அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இதுக்கா நீ இத்தினி நாளா இப்டிக் கீற? அவரு கோவப்படவே இல்ல மா. மூணாவது வாட்டியும் போவலன்னதும் சிரிச்சாரு. 'விஜி வாசல்ல குந்தினு ரெண்டு கையாலயும் போன இறுக்கிப் புடிச்சினு இருக்கும். அதான் போவல. எனக்காவத்தான் புடிச்சினு இருக்கும்'னாரு. அப்பால போன எங்கிட்ட குடுத்துட்டு, 'அது கீழ வெச்ச ஒடனே பேஜாராயி இதுக்குப் போடும், நீ எடுத்துப் பேசு'ன்னாரு. அதே மாதிரி நீ போட்ட."

நான் ரொம்ப நேரம் அழுதேன். அக்கா அழவிட்டார். கிளம்பும்போது சமையலறை அலமாரியிலிருந்து அந்த நீல மூடி பாட்டிலை எடுத்துத் தந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வேலைக்கு என்று அவர் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அதில் பாதி இருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பாட்டில்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேற்று புது மாடல் ஒன்று டெஸ்டுக்கு வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து கையுறை எடுத்து அந்தத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஸ்டாண்டில் பாஸ். கை சாய்த்தால் கோடு படுத்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஸ்பெக்கில் இல்லாத வரி ஒன்றை எழுதினேன்: கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது. கையெழுத்துப் போடவில்லை. லாரி நின்றது. வெறும் லாரியாகத் திரும்பியும் போனது. மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். இன்று விடுமுறை எடுத்திருக்கிறேன். வேலை இருக்குமா, போகுமா தெரியாது.

போன் எதிரில் மேசைமேல் இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டு கோடு நிற்கிறது. கீழேதான் வைத்திருக்கிறேன், பாய்.