வளையத்தில் விழுந்த கட்டைவிரல்

பேரிங் பட்டறையில் இரும்பு வளையங்களை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. கையுறை போட்டால் விரலுக்குக் கண் கட்டிவிட்டது மாதிரி ஆகிவிடும் என்பாள். ஆனால் அந்தக் கை மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருப்பாள். பட்டறையில் எல்லாரும் அவளைக் 'கைக்குட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எதுக்குடி இப்படிப் பயப்படுற?" என்பான் கணவன். அவளுக்குப் பயமே இருக்காது. அவன் கேட்ட பிறகுதான் வரும்.

அந்த வருஷம் அனுப்பிய வளையங்கள் துருப்பிடித்துத் திரும்பி வந்தன. எண்ணெய் மேல் பழி போட்டு எண்ணெயை மாற்றினார்கள். பிறகு மழை மேல் பழி போட்டார்கள். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். கடைசியில் மேற்பார்வை பார்க்கும் அக்கா ஒரு வளையத்தை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அவளைக் கூப்பிட்டாள்.

துருவில் சன்னமான கோடுகள் சுழி சுழியாக ஓடின. நடுவே ஒரு வெட்டு. காய் நறுக்கும்போது பட்ட தழும்பு அவள் கட்டைவிரலிலும் அதே இடத்தில் இருந்தது. இரும்பில் தன் கையை யாரோ அச்சடித்து வைத்தது மாதிரி இருந்தது.

"அக்கா, இது என் விரல்."

"தெரியுது. உன் வேர்வை உப்புதான் துருவாகுது. முதலாளி காதுல விழுந்தா உன்னைப் பெட்டி ஒட்டுற பக்கம் தள்ளிடுவாரு. முதல்ல போய் டாக்டரைப் பாரு. அதுவரைக்கும் வளையத்துல கை வைக்காதே."

பெட்டி ஒட்டுவதா! தடவிப் பார்க்காத வேலை அவளுக்கு ஒரு வேலையா? மறுநாளே கணவனையும் இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா அவள் உள்ளங்கையில் அயோடின் பூசிக் காயவிட்டு, மேலே கஞ்சி மாவைத் தூவினார். வெள்ளை மாவில் ஒரு கரும்புள்ளி பூத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ரேகைகளின் மேடெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளிகள் கிளம்பின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை முழுக்கக் கருநீலம். இத்தனை நாள் அருவருப்பாகத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குள் இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறதா?

"வேர்வை பட்ட இடத்துலதான் மாவு கறுக்குது. எல்லாம் வியர்வைச் சுரப்பிங்க. எல்லார் கையிலயும் இருக்கு. உங்க நரம்பு மட்டும் அதுங்களை ஓயாம விரட்டுது."

"பயத்தாலதானே டாக்டர்?"

"பயந்தா கூடும். ஆனா பயத்தால வந்தது இல்லைம்மா."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

முதலில் கொடுத்த பூச்சு மருந்து எடுபடவில்லை. அடுத்தது இரண்டு தட்டு. இரண்டிலும் சாதாரணக் குழாய்த் தண்ணீர். கர்ப்பமா, இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, கைகளை அதில் வைக்கச் சொல்லி, சன்னமாக மின்சாரம் விட்டார்.

"தண்ணியை நிறுத்தத் தண்ணியா?" என்று கணவன் வாய் பிளந்தான்.

"இது எப்படி நிறுத்துதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா நிறைய பேருக்கு நிக்குது. விட்டுட்டா திரும்பிடும், அப்பப்போ வந்து வைக்கணும்."

எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. பல வாரம் போய்ப் போய் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, செய்தித்தாள் மேல் கையை ஊன்றி எழுந்தாள். தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மறுபடி ஊன்றினாள், மறுபடி எடுத்தாள். பைத்தியம் மாதிரி அதையே செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அக்கா ஒரு வளையத்தின் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து நீட்டினாள். "அழுத்துடி." அழுத்தினாள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஞாயிறு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா கண்ணாடிக்கு அடியில் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கடி உன் விரல்? காணோமே!"

அவளும் குனிந்து பார்த்தாள். வெறும் பளபளப்பு. தொட்டதிலெல்லாம் ஈரத்தை விட்டுவந்தவள், முதல் தடவையாக ஒன்றைத் தொட்டு ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பொலபொலவென்று கண்ணீர் உதிர்ந்தது, நேராக வளையத்தின் மேல்.

"ஐயோ, துடைடி சீக்கிரம்! துருப்பிடிச்சிடும்!"

அவள் இடுப்பில் துணியைத் தேடினாள். இன்று கொண்டுவரவில்லை. கட்டைவிரலாலேயே துடைத்தாள்.