ஒருத்தரும் இல்லாத ஊரில் ஓர் அறை

மெக்சிகோ என்று முடிவானதும் மனைவி கேட்டது ஒன்றுதான்.

"அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே?"

இல்லை என்றேன். அவள் முகத்தில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

எங்கள் விடுமுறைகளில் விடுதி என்பதே கிடையாது. பாரிஸ் என்றால் சித்தப்பா வீட்டு சோபா, சூரிச் என்றால் மச்சாள் வீட்டு மேல்மாடி, டொரொன்டோ என்றால் அவளுடைய அக்கா வீட்டு நிலக்கீழ் அறை. சொந்தம் இருக்கும் ஊரில் ஹோட்டலில் நிற்பது சொந்தத்தின் கன்னத்தில் அறைவது. ஆகவே எந்தக் கடல் தாண்டினாலும் அவள் போய் இறங்குவது இன்னொரு குசினியில்தான். மறுநாளே வெங்காயம் உரிப்பாள். இம்முறை அவளுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

வெம்பிளியில் மழை விடாத ஒரு ஞாயிறு. கணினியில் அறை அறையாகப் புகுந்து வெளியேறினோம். கான்கூனில் கடல் கட்டிலுக்குக் கீழேயே வந்து படுத்திருந்தது. வஹாகாவில் நீலச் சுவர், அதன்மேல் கொட்டிச் சிவந்த போகன்வில்லா. மெரிடாவில் உயர்ந்த கூரை, மஞ்சள் வெயில், அறைக்குள்ளேயே ஒரு வலைத்தொட்டில். ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊர் என்றேன். எனக்கு மூன்றும் வேண்டும், அவற்றுக்கு இடையிலுள்ள வீதியும் வேண்டும்.

"நீங்கள் காத்து மாதிரி, ஊரூரா அடியுங்கோ. நான் ஓரிடத்தில இருக்கப்போறன்."

அவள் தேத்தண்ணி போடப் போன நேரம் டொரொன்டோ அக்காவின் அழைப்பு வந்தது; ஸ்பீக்கரில் போட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"மெக்சிகோவோ! எங்கட இவற்ர மாமான்ர மகன் மெக்சிகோ சிற்றியிலதானே இருக்கிறான். நீங்கள் ஹோட்டலில நிண்டால் அவன் என்ன நினைப்பான்? பொறுங்கோ, நான் சொல்லிவிடுறன்."

கோப்பைகளோடு வாசலில் நின்றவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். மெக்சிகோ சிற்றியிலிருந்து வஹாகாவுக்கு பஸ்ஸில் அரைநாள்.

"அந்தத் தூரத்துக்கு எங்கட ஆக்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கே வருவினம்."

மெரிடாவுக்கு விமானம் ஏற வேண்டும். விரல் அங்கே நின்றது. பிறகு போனை என்னிடமிருந்து பறித்தாள்.

"அக்கா, அந்த மெக்சிகோ சிற்றிக்காரருக்குச் சொல்லாதேங்கோ. நான் அறை எடுக்கிறன். ஒரு கிழமை எனக்கு ஒருத்தரின்ர குசினியும் வேண்டாம். குறை நினைச்சால் நினைக்கட்டும்."

கோடைதோறும் எங்கள் சொந்தம் முழுவதும் இறங்குவது அந்த அக்கா வீட்டில்தான். அங்கே அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை.

"படத்தை அனுப்படி," என்றார் அக்கா, குரல் தணிந்து.

அனுப்பினாள்.

"அந்தத் தொட்டிலில கிடந்தால் எழும்ப மனம் வராதென்ன?"

"வராதக்கா."

"பக்கத்து அறை வெறுமையோ?"

அக்காவும் கூட வரப் பார்க்கிறாரோ?

"வெறுமைதான். ஆனா நாங்கள் திரும்பி வந்த பிறகு நீங்கள் போங்கோ. அத்தானை மட்டும் கூட்டிக்கொண்டு."

டொரொன்டோ வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் இரண்டு பேருக்கு என்று அறையைப் பதிந்துவிட்டாள்.

"கள்ளி! சரி, ஆரும் கேட்டால் நீங்கள் லண்டனிலதான் நிக்கிறியள்."