பெர்னார்தோ குடித்த சகாவ்

எங்கள் போன்பே தீவில் ஒருவன் சகாவ் செடியை வேரோடு சுமந்துகொண்டு வந்தால், மன்னிப்புக் கேட்கிறான் என்று பொருள். வேரை இடித்துப் பிழிந்த சாற்றை வாங்கிக் குடித்துவிட்டால் மன்னித்தாயிற்று. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

படகோட்டி பெர்னார்தோ ஆளுநர் தேர்தலில் எர்வினுக்காக மூன்று மாதம் உழைத்தான். தன் படகிலேயே அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போனான். எதிராளிக்கு ஓட்டுக் கேட்ட சொந்த அண்ணன் யோவானிஸை, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று எல்லார் முன்னாலும் விரட்டினான்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில் எர்வின் சகாவோடு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே இது? நமக்குள்ள மன்னிப்பெல்லாம் எதுக்கு?" என்று பெர்னார்தோ பதறினான்.

"எதுக்குன்னு கேக்காதே தம்பி. குடி."

குடித்தான். படகில் அலையவிட்டதற்காக வந்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று என்னிடம் உருகினான், மடையன்.

மறுநாள் காலை வானொலியில் எர்வினே பேசினார். போட்டியிலிருந்து விலகி எதிராளியை ஆதரிக்கிறாராம்.

"போய்ச் சட்டையைப் புடிச்சுக் கேளுய்யா!" என்று கத்தினாள் அவன் மனைவி மார்செலா.

"எப்படிடி கேக்குறது? குடிச்சுத் தொலைச்சுட்டேனே."

அன்று சாயங்காலம் தன் தோட்டத்துச் சகாவைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். யோவானிஸ் சாறு நிறைந்த கொட்டாங்கச்சியைக் கையில் வாங்கினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"முதல்ல எதுக்குன்னு சொல்லுடா," என்றார். "அப்புறம் குடிக்கிறேன்."